குளிருக்குப் பழகியவர்

ஐஸ் பெட்டியின் தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு விமலன் வாசற்படி ஏறியபோது, கால்சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுக்க மூன்றாவது கை தேவைப்பட்டது.

"தம்பி, மெதுவா லா. கண்ணாடி மூடி. ஒடைஞ்சா எங்க பாஸ் என்னைத் தூக்கி உள்ள படுக்க வெச்சிருவாரு" என்றார் வாசு அண்ணே. சவ அடக்க வேலையில் இருபது வருடம் பழகியவர். துக்கம் விசாரிப்பது அவருக்கு இப்படித்தான் வரும்.

பெட்டியைக் கூடத்தில் இறக்கி, தம்புசாமி சித்தப்பாவை உள்ளே கிடத்தி, பிளக்கைச் சொருகினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குளிருமே டா அவருக்கு."

"பழக்கம்தான்க்கா" என்றான் விமலன்.

பிறகு போனை எடுத்துப் பார்த்தான். குடும்பக் குழுவில் படங்கள் வந்து கொட்டியிருந்தன. வெள்ளை மலை, வெள்ளை மரம், வெள்ளைத் தரை, நடுவில் ஆரஞ்சு ஹெல்மெட் போட்ட அவனுடைய மொத்தக் குடும்பம். 'சித்தப்பா இறந்துட்டாரு. உடனே கூப்பிடுங்க' என்று காலையில் அவன் அனுப்பிய செய்தி அந்தப் பனிக்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது. அதற்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது. அத்தை மகள் விஷ்ணுப்ரியா கட்டைவிரலை உயர்த்தியிருந்தாள். வந்த எல்லாவற்றுக்கும் வரிசையாக உயர்த்திக்கொண்டே போனவள் இதையும் விட்டுவைக்கவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. யாருக்கும் போகவில்லை. ஜப்பானில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாடகை வைஃபை பெட்டிதான். அது அப்பாவின் ஜாக்கெட் பையில் இருந்தது. அப்பா பனிமேல் ஓடும் பனி மோட்டாரில் முன்னால் பறந்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு உலகத் தொடர்பு அறுந்துவிடும். அப்பாவுக்கு ஓட்டும்போது போன் மணி கேட்காது.

அந்த ஜாக்கெட் சித்தப்பாவுடையது.

சித்தப்பா போர்ட் கிள்ளானில், கப்பலில் வரும் இறாலும் ஆட்டிறைச்சியும் அடுக்கும் குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். வெளியே பண்டமாரான் ஊரே வெயிலில் வேகும்போது அவர் பொழுதெல்லாம் உறைகுளிரில் கழியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டின் பின்னறை போதும் என்றிருந்துவிட்டார். ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் பயணம் முடிவானதும் அவருக்குத் திடீர் மரியாதை கிடைத்தது. கூடத்து ஏர்கோனைப் பதினாறில் வைத்து எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"வெரலு மரத்துப்போச்சுன்னா ஊதக் கூடாது. தேய்க்கவும் கூடாது. அக்குள்ள வெச்சிக்கணும். பேட்டரிய எப்பவும் ஒடம்போட வெச்சிக்குங்க. குளிர்ல பட்டுன்னு செத்துரும்."

"மூக்குக்கு என்னா போடுறது மாமா?" என்று விஷ்ணுப்ரியா கேட்டாள்.

"ஒன்னும் வேணாம். அதுவா ஊத்தும்."

பாடம் முடிந்ததும் முதுகில் கம்பெனி பெயர் பாதி உரிந்திருந்த தன் நீல ஜாக்கெட்டைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தார். சொந்தமாக இருக்கும்போது வாடகைக்கு எடுப்பானேன் என்று அப்பாவும் வாங்கிக்கொண்டார். அவரையும் கூட்டிப் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. குடும்பத்தோடு எங்கே போனாலும் வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது, சாயங்காலம் விளக்கேற்ற ஓர் ஆள் வேண்டும் என்பது புஷ்பவல்லி அத்தையின் சட்டம். அந்த ஆள் யார் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

விமலன் போயிருக்க வேண்டியவன்தான். விமான நிலையத்தில் அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண், காலாவதியாக ஆறு மாதம்கூட இல்லை என்று மிக இனிமையாகத் திருப்பித் தந்தாள். குடும்பம் ஐந்து நிமிடம் வருந்தியது. "பரவால்ல டா, சித்தப்பாவுக்குத் தொணையா இரு" என்று அத்தை கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றபோது, சித்தப்பா கேட்டைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்குள்ள ஜப்பான் பாத்துட்டியா?"

சிரித்தபடியே உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்துவைத்தார். இருவரும் கடையில் மீ கோரிங் நூடுல்ஸைத் தாபாவ் கட்டி வாங்கிவந்து சாப்பிட்டுக்கொண்டே, பயண ஏஜெண்ட் முன்பு அனுப்பியிருந்த பனி மோட்டார் வீடியோவைப் பார்த்தார்கள். சித்தப்பா போனைக் கண்ணருகே வாங்கிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு பேரு ஒக்காரலாமா?"

"ஒக்காரலாம் சித்தப்பா."

"ம்" என்றார். பிறகு எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினார்.

காலையில் அவர் எழவில்லை. கிளினிக் டாக்டர் வந்து, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார். கூடத்து விளக்கில் முதல் நாள் எண்ணெய் மிச்சமிருந்தது.

நண்பகலில் அப்பாவே வீடியோவில் கூப்பிட்டார். செய்தியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடவில்லை. பனியைக் காட்டக் கூப்பிட்டார்.

"டேய் விமலா, இங்க பாரு டா, கரும்புச்சாறு மெஷின் ஐஸாட்டம் கொட்டிக் கெடக்கு! சித்தப்பாகிட்ட காட்டு. ஜாக்கெட்டு சும்மா சூடா இருக்குன்னு சொல்லு."

விமலன் போனைத் திருப்பி ஐஸ் பெட்டியைக் காட்டினான். சொல்லியிருக்கலாம்தான்.

அந்தப் பக்கம் பனி மோட்டாரின் சத்தம் நின்றது. பின்னால் குடும்பத்துக் குழந்தை ஒன்று, "ஏன் நின்னுட்டோம்?" என்று கேட்டது. நெடுநேரம் மலை மட்டும் தெரிந்தது.

"நாங்க வர்ற வரைக்கும் வெச்சிரு" என்றார் அப்பா.

விமலன் தலையாட்டினான். வந்துவிடுவார்கள். அது போதும் என்று இருந்தது அவனுக்கு. யாராவது ஒருவர் வந்து அவன் பக்கத்தில் நின்றால் போதும். இரவு முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தபடி, அவ்வப்போது எழுந்து பிளக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

விடியும் முன் அப்பா மறுபடி கூப்பிட்டார். பனிப்புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கு முன்னால் ஒரு சீட்டும் இல்லை.

"செவ்வாய் வரைக்கும் வெச்சிருக்கலாம்பா. வாசு அண்ணே ஒன்னும் பிரச்சனை இல்லன்னாரு. நான் கேட்டுட்டேன்."

"வேணாம் டா."

"நீங்க இல்லாம எப்பிடிப்பா?"

அப்பா மூக்கை உறிஞ்சினார். அது குளிராகவும் இருக்கலாம்.

"அவன் ஐஸ்ல இருந்தது போதும். இன்னிக்கே எடுத்துரு. நீதான் இருக்க."

ஞாயிறு பகலில் சடங்கு செய்யும் பண்டாரம் வந்தார். பந்தலில் தங்கமணி அக்காவும் அவர் கணவரும், குளிர்க்கிடங்கில் சித்தப்பாவோடு வேலை பார்த்த சிலரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். காலி நாற்காலிகள்தான் அதிகம். சனிக்கிழமைச் சாவு துணை தேடும் என்பதால் காலைக் கட்டிய கோழி ஒன்றையும் வாசு அண்ணே கொண்டுவந்திருந்தார். சித்தப்பாவோடு கடைசிவரை வர ஒப்புக்கொண்டவர்கள் விமலனும் அதுவும்தான். கோழியிடம் யாரும் கேட்கவில்லை.

குளிப்பாட்டி வேட்டி உடுத்திய பிறகும் சவ வண்டி வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தப்பாவை மறுபடி ஐஸ் பெட்டியிலேயே கிடத்தி, மூடியைத் திறந்துவைத்து வாய்க்கரிசியை ஆரம்பித்தார்கள். தங்கமணி அக்கா போனைத் தூக்கிப் பிடித்தார். விமான நிலையம் மூடியிருந்தாலும் சுற்றுலா பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில், பனி மோட்டார்கள் வரிசையாக நிற்கும் இன்னொரு மலையடிவாரத்தில் குடும்பம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றது. வைஃபைக்காக எல்லோரும் அப்பாவை ஒட்டி நின்றார்கள். பார்க்க குரூப் போட்டோ போல இருந்தது.

"கொள்ளி போடுறவங்க சட்டையைக் கழட்டிருங்க. ரத்த ஒறவு ஆம்பளைங்களும் கழட்டணும்" என்றார் பண்டாரம்.

அவர் சொன்னது விமலனிடம். அவன் கழற்றினான். அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அவர் ஹெல்மெட்டை அம்மாவிடம் கொடுத்தார். ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார்.

"அண்ணே, என்னா பண்றீங்க? பைத்தியமா?" என்று அத்தை கத்தினார்.

அப்பா ஜாக்கெட்டை மடித்து, பக்கத்தில் நின்ற பனி மோட்டாரின் பின்சீட்டில் வைத்தார். பிறகு சட்டையை. பிறகு பனியனை. வெற்று மார்போடு பனியில் நின்று கைகூப்பினார். அப்பாவின் நரைத்த மார்பு முடியில் பனி விழுந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

படம் அப்படியே நின்றுவிட்டது.

"லைன் போச்சு டா" என்று தங்கமணி அக்கா போனை ஆட்டிப் பார்த்தார்.

வைஃபை பெட்டி ஜாக்கெட் பையில் இருந்தது. ஜாக்கெட்டுக்குள் இப்போது உடம்பு இல்லை. குளிரில் பேட்டரி செத்திருக்கும் என்று விமலனுக்கு விளங்கிவிட்டது.

"திரும்ப வராதுக்கா" என்றான்.

பண்டாரம் தொண்டையைச் செருமினார். "நேரமாவுது தம்பி. வராதவங்க பேரச் சொல்லி நீங்களே போட்டுருங்க. தப்பில்ல."

விமலன் குனிந்தான். அப்பாவுக்கு என்று ஒரு பிடி. அம்மாவுக்கு. அத்தைக்கு. மாமாவுக்கு. விஷ்ணுப்ரியாவுக்கு. ஏன் நின்றோம் என்று கேட்ட குழந்தைக்கு. ஒவ்வொரு பெயரையும் சத்தமாகச் சொல்லி, பெட்டிக்குள் கையை விட்டு, அந்த உதட்டில் விரல் பட அரிசியை வைத்துவிட்டு எடுத்தான். பெயர்கள் முடிகிற மாதிரி இல்லை. பெரிய குடும்பம். ஒரு வழியாக முடிந்ததும் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

வாசு அண்ணே மூடியைப் பிடித்தவர், அவனைப் பார்த்து நின்றார்.

"ஒனக்கு, தம்பி?"

தட்டின் விளிம்பில் கொஞ்சம் அரிசி ஒட்டியிருந்தது. விமலன் அதை ஒதுக்கி எடுத்தான். இந்த முறை பெயர் எதுவும் சொல்லவில்லை. வைத்த கையை உடனே எடுக்கவும் இல்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. கோழி ஒருமுறை கூவியது. சித்தப்பாவைத் தூக்க ஆட்கள் நெருங்கியபோது விமலன் ஓரமாக ஒதுங்கி நின்றான். வலது கை விரல்கள் மரத்திருந்தன. ஊதவில்லை. தேய்க்கவும் இல்லை. அந்தக் கொளுத்துகிற வெயிலில், சட்டையில்லாமல், கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றான்.