வேர் பிடிக்காத மகிழம்

ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் பெரியநாயக்கன்பாளையம் பாலுசாமிக்கு ஆனிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும், மரம் வளர்வது உட்பட. மூன்றாம் மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, பத்தடி மகிழமரம் தொட்டியில் நிற்க வேண்டும் என்றார். நர்சரி வைத்திருக்கும் லோகப்பிரியா, தோட்டத்து மரத்தை வேரறுத்துத் தோண்டித் தொட்டியில் வைத்துக் கொடுத்தாள். பெரிய இடத்து வாடிக்கை. மறுக்க வாய் வரவில்லை.

விசேஷத்துக்கு முன்பே கொழுந்து விட்டது. "புடிச்சுக்கிச்சு பாத்தீங்களா அம்மணி!" என்று பூரித்தார் பாலுசாமி.

"அது தண்டுல மிச்சமிருக்கற சத்துங்கய்யா. கீழ வேரே ஓடலீங்க. தை வரைக்கும் இந்த முட்டுக்கொம்ப அவுத்துப்போடாதீங்க."

மூங்கில் கொம்புகளை மூன்று பக்கமும் முட்டுக்கொடுத்துக் கயிறு கட்டியிருந்தாள். விருந்துக்கு வந்த ஒருவர் சும்மா இருந்தாரா? "மங்கல ஊட்டுல இதென்னங்க, பாடை கட்டுனாப்பல!" என்றுவிட்டார். பாலுசாமியின் மனைவி சென்னியம்மாள் காதில் அது விழுந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் அவிழ்த்துத் தெருவில் எறியச் சொன்னாள். ஊர் வாய்க்கு அஞ்சியவள் காற்றுக்கு அஞ்சவில்லை.

ஆடி முதல் வாரம், போனில் வந்த விசேஷப் படங்களை லோகப்பிரியா பார்த்தாள். மரம் முட்டில்லாமல் நின்றது. வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நர்சரியின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். வேரில்லாத மரம் எம்மாத்திரம்! பாலுசாமி போனை எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அவர் வீட்டுப் பின்பக்கத்து வெளிப்படிக்கட்டில் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். மரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. தொட்டி மண் வாய் பிளந்து கிடந்தது. ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அடிமரத்தைக் கட்டிக்கொண்டாள். அதைப் பிடித்து நிறுத்த ஒரு வேரும் இல்லை, அவள்தான் இருந்தாள். பாவி, ஆசைப்பட்டுக் கொடுத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கீழே வாசலில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சென்னியம்மாள் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! புள்ளையத் தூக்கீட்டு உள்ள போங்க! உள்ள போங்க!"

சொல்லைக் காற்று அள்ளிக்கொண்டு போனது, கூப்பிடும் சத்தம் மட்டும் கீழே எட்டியது. கையை ஆட்டிச் சொல்லவும் வழியில்லை. கையை எடுத்தால் மரம் போய்விடும். சென்னியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மரியாதை தெரிந்த மனுஷி. கூப்பிட்டவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறவள் அல்ல. பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்தாள்.

"ஏனுங்க அம்மணி, கூப்பிட்டீங்களா?"

லோகப்பிரியாவின் கைகளுக்குள் மரம் மெல்ல வழுக்க ஆரம்பித்தது.