ஏற்றிய பவர் எங்கே?

மருந்துக்கடைக்காரி தன் காருக்குப் பவர் ஏற்றப் போகிறாள் என்றதும் வீட்டில் எல்லோரும் அவளுக்குக் காய்ச்சலா என்று பார்த்தார்கள். காருக்கு ஒரு குறையும் கிடையாது. வெள்ளி நிறம், கீறல் விழாத உடம்பு, சாவியைத் திருப்பினால் முனகாமல் எழுந்துகொள்ளும். ஆனால் வீடு மேட்டின் உச்சியில், கடை அடிவாரத்தில், நடுவே நெட்டுக்குத்தாக ஒரு சாலை. கடையை மூடிவிட்டு ஏறும்போது முன்னால் கட்டாயம் ஒரு சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். முந்தலாம் என்று மிதித்தால் கார் "யோசித்துச் சொல்கிறேன்" என்கிற மாதிரி இழுக்கும். அதற்குள் எதிரே ஒரு வண்டி வந்துவிடும். லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

கார் வாங்கிய ஷோரூம்காரர்கள்தான் ஆசை காட்டினார்கள். கம்பெனியே தயாரித்த புது மென்பொருளாம். எஞ்சினை ஆட்டி வைக்கும் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டால் அதே எஞ்சின் இன்னும் பலமாக இழுக்குமாம். வாரண்டிக்கும் பங்கமில்லையாம்.

அவள் கணவர் கணக்குத் தணிக்கையாளர். காகிதத்தில் இருப்பதுதான் உலகத்தில் இருக்கிறது என்று நம்புகிற நல்ல மனிதர்.

"கொஞ்சம் முன்னாடி வீட்டுக்கு வந்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார்.

"சும்மா உக்காந்திருப்பேன். அது என் இஷ்டம்."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்."

"மூணு காலை வெச்சுக்கிட்டே அந்த முயல் வேகமாப் போகுதுங்க. என் கார்தான் போகல."

கார் ஷோரூமுக்குப் போனது.

அங்கே சர்வீஸ் அட்வைசர் ஒருவர் இருந்தார். டையும் புன்னகையும் ஒரே முடிச்சில் கட்டியிருந்தார். "மேட்டுல மூணாவது கியர்லயே ஏறும் மேடம். நீங்களே பயந்துடுவீங்க" என்றார். சாயங்காலம் காரைப் பளபளவென்று துடைத்து, உள்ளே மல்லிகை வாசனை அடித்துக் கொடுத்தார்கள். அவளும் ஆசை ஆசையாக மேட்டில் ஏறினாள். மூன்றாவது கியர். அழுத்தி மிதித்தாள். வளைவு வந்ததும் கார் எப்போதும் போல் திணறியது. இரண்டாவது கியருக்கு இறங்கினாள். முன்னால் லாரி. பயப்படுகிற மாதிரி எதுவுமே நடக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம்தான் கண்ணில் பட்டது. கண்ணாடியில் இரண்டு வைப்பரும் புத்தம் புதுசு.

வீட்டில் சொன்னாள். கணவர் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மென்பொருள் ஏற்றப்பட்டதுன்னு போட்டிருக்கே. முத்திரை இருக்கு. கையெழுத்து இருக்கு."

"கார்ல இல்லீங்களே."

"ரொம்ப எதிர்பார்த்துட்டே. அதான் வித்தியாசம் தெரியல. எல்லாம் மனசு."

அந்த 'மனசு'தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வருஷக்கணக்காகத் தினமும் இரண்டு வேளை ஓட்டுகிற கார். எந்தப் பள்ளத்தில் எந்தக் கதவு கடகடக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அவளுக்குத் தெரியாதா? லாரியை முந்துவது அந்த நிமிஷமே இரண்டாம்பட்சமாகிவிட்டது. தன் காரைப் பற்றித் தான் சொன்ன சொல் செல்லுமா செல்லாதா, அது தெரியாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலையில் கடையை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு அட்வைசர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க மேடம், பச்சை டிக் விழுந்திருக்கு. மாற்றம் நைஸா இருக்கும். எல்லாருக்கும் தெரியாது. சார் ஓட்டிப் பார்த்தாரா?"

"சாருக்கு லைசென்ஸே கிடையாது" என்றாள். "வைப்பரை யார் மாத்தச் சொன்னது?"

அட்வைசரின் புன்னகை கொஞ்சம் நொண்டியது. "அது... எங்க அன்பளிப்பு மேடம்."

ஷோரூம்காரர்கள் காலண்டரையும் சாவிவளையத்தையும் தாண்டி அன்பளிப்பு கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா? அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யோசித்துக்கொண்டே காரில் ஏறியவள், ஏறிய இடத்திலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடையில் ஒருவர் கைக்கு வேறு மருந்து போய்விட்டால் அவருடைய மருந்து இன்னொருவர் கையில் இருக்கும். இது அவள் தொழிலின் பாலபாடம். கடைக்காரர் அப்போது முதலில் தேட வேண்டியது அந்த இன்னொருவரை. பாவம், அவர் தெரியாமல் அதை விழுங்கிக்கொண்டிருப்பார். அவளுக்குப் பகீரென்றது.

அடுத்த நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"அன்னைக்கு வைப்பர் மாத்த வந்த கார் யாருது?"

"மத்த கஸ்டமர் விவரம் சொல்லக்கூடாது மேடம்."

"சரி, சொல்லாதீங்க. என் காருல கேபிளை மாட்டிப் பாருங்க. பவர் இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன். பார்க்கிற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

"ஏம்மா, எல்லாரும் பார்க்கறாங்க" என்றார் கணவர்.

"பார்க்கட்டும். நான் என்ன திருடவா வந்திருக்கேன்?"

அட்வைசர் கொடாக்கண்டர், அவள் விடாக்கண்டி. கடைசியில் ஒரு மெக்கானிக் காரை உள்ளே கொண்டுபோனார்.

காத்திருந்தபோது பக்கத்து மேஜையில் பேச்சுக் குரல் கேட்டது. பழைய கார்களை விலைக்கு எடுக்கிற மேஜை அது. இஸ்திரி குலையாத சட்டையோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சோபாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கார்ச் சாவி அவர் கைக்குள்ளேயே இருந்தது.

"அப்பாவுக்குக் கால் நிதானம் போயிடுச்சு சார்" என்றார் மகன். "லேசா மிதிச்சாலே வண்டி பாயுது. நேத்து வீட்டு கேட்டையே இடிச்சுட்டார். இனிமே இவர் ஓட்டினா எங்களுக்குத் தூக்கம் வராது. எடுத்துக்கங்க. வைப்பர் மட்டும் பழசு. மாத்தச் சொல்லி இங்கதான் விட்டோம், நீங்க மாத்தவே இல்லை. இன்னும் கீச்சு கீச்சுன்னு கத்துது."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளி நிறக் கார் நின்றது. அவளுடையதற்கு இரட்டைப் பிறவி. முன்பக்கம் மட்டும் லேசாக நசுங்கியிருந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே வந்து அட்வைசரின் காதில் சொன்னார். ரகசியம்தான், ஆனால் அவளுக்கும் கேட்டது. அவள் காரில் பழைய மென்பொருள்தான் இருக்கிறது. அந்த ஷோரூமில் யாரும் நம்பர் பிளேட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. காந்தம் வைத்த பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை ஒவ்வொரு காரின் கூரையிலும் ஒட்டியிருப்பார்கள். அதில் வேலை எண் இருக்கும். தொப்பியைப் பார், வேலையை முடி, அவ்வளவுதான். அன்றைக்கு வேலை தொடங்கும் முன்பே கார் கழுவுகிறவர் அடுத்தடுத்து நின்ற இரண்டு வெள்ளிக் கார்களின் தொப்பியையும் கழற்றிக் கழுவிவிட்டு, மாற்றி வைத்துவிட்டார். இந்தக் கார்தானா என்று மென்பொருள் ஏற்றுகிற இயந்திரமும் கேட்டிருக்கிறது. ஆமாம் என்று அமுக்கியே பழகிப்போன விரல் ஆமாம் என்று அமுக்கிவிட்டது.

அட்வைசர் அவள் பக்கம் குனிந்தார். "மேடம், உங்க காருக்கு இப்பவே ஏத்திடறோம். அடுத்த சர்வீஸும் இலவசம். அந்தக் காரை எப்படியும் விக்கறாங்க. நாங்க சத்தமில்லாம சரி பண்ணிடுவோம். விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

"நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு" என்றார் கணவரும் தணிந்த குரலில். "கேட்டதும் கிடைக்கப் போகுது. விடேன்."

விட்டிருக்கலாம். அவள் வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் சோபாவில் பெரியவர் தன் வலது காலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கால்மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உங்க அப்பா காலுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி.

மகன் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் யாருன்னு இவர் சொல்லுவார்." அட்வைசரைக் காட்டினாள். "சொல்லுங்க சார். பச்சை டிக் காட்டத் தெரிஞ்சுது இல்ல? இதையும் நீங்களே சொல்லுங்க."

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது? அட்வைசர் டையைத் தளர்த்திக்கொண்டு சொன்னார். முதலில் பூசி மெழுகப் பார்த்தார். அவள் விடவில்லை. தொப்பி மாறியதை, பெரியவரின் காரில் அவருக்கே தெரியாமல் பவர் ஏறியதை, பழைய பழக்கத்தில் மிதித்தாலும் அது பாயத்தான் செய்யும் என்பதை, எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள்.

மகனின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏம்ப்பா, கார்லதான் ஏதோ கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனேப்பா" என்றார் பெரியவர். "முதல் நாளே சொன்னேன். நீ கண் டாக்டருக்குப் போன் பண்ணினே."

மருந்துக்கடைக்காரியின் கணவர் கையிலிருந்த பில்லைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அவள் அவரை வற்புறுத்தவில்லை. 'எல்லாம் மனசு' என்றது தப்பு என்பதை வீட்டுக்குப் போனதும் சொல்லட்டும், அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

"அந்தக் காரையும் உள்ள கொண்டு போங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னாள். "ரெண்டும் முடியற வரைக்கும் நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

மெக்கானிக் பெரியவரிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். பெரியவர் கொடுக்கவில்லை. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வெள்ளிக் காரில் ஏறி உட்கார்ந்தார். அது பாயும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி பூப்போல மிதித்து, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கத் தானே பட்டறைக்குள் ஓட்டிக்கொண்டு போனார். மகன் வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.