கண்ட்ரோல் சாவி

நைனாவின் உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன் அரைஞாண் கயிற்றை அறுத்தபோது, அதில் கோத்திருந்த சாவி நழுவி ஈரத்தரையில் விழுந்தது. பழனி சித்தப்பா அதை எடுத்தார். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, குடத்தோடு பக்கத்தில் நின்ற யமுனாவின் கையில் வைத்தார்.

“கண்ட்ரோலு வேலிச் சாவி. நீயே வெச்சுக்கோ.”

சாவியில் இன்னும் சூடு இருப்பதுபோலத் தோன்றியது. இருக்க வழியில்லை. நைனா போனது விடிகாலையில். இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் வேனில் வந்துகொண்டிருந்தார்கள். ஏர்பேடு தாண்டி, மழையில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, மூக்கையும் வாயையும் மூடியிருந்த ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

பெங்களூரில் கார் ஓட்டும் அண்ணன் தமிழரசு பத்து மணிக்கு வந்து சேர்ந்தான். பலமனேரிலிருந்தே நிற்காத மழை என்றான். நைனாவின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“கடைசியா இன்னா சொன்னாரு?”

“கண்ட்ரோல்ல வுட்டுடாதம்மான்னாரு.”

“கண்ட்ரோல்லயா, கண்ட்ரோலயா?”

வேனில் யமுனாவுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. கண்ட்ரோலை விட்டுவிடாதே என்றாரா? கண்ட்ரோலுக்குள் விட்டுவிடாதே என்றாரா? விடாதே என்றால் எதை? ஆட்டையா, தன்னையா? அதற்குச் சற்று முன்புதான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, “கண்ட்ரோல் பண்ணிக்கோம்மா” என்று சொல்லியிருந்தாள். அது நைனாவின் காதில் விழுந்து, அழாதே என்பதைத்தான் அப்படிச் சொன்னாரோ?

“மாசக் கடைசி ஆச்சே. கண்ட்ரோல் கடையில அரிசி போட்டுட்டானான்னு கேட்டிருப்பாரு” என்றாள் எதிர்வீட்டுக்காரி. சாவு வீட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பு பழையது. யமுனா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது திருப்பதி ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து நாகபூஷணம் சார் வந்தார். சர்க்கார் இவர்களுக்குக் கொடுத்திருந்த மேட்டு நிலத்தை நாலு துண்டாகப் பிரித்தார். ஒன்றில் ஆடுகள் எப்போது வேண்டுமானாலும் மேயலாம். ஒன்றில் முறை வைத்துத்தான் மேய வேண்டும். ஒன்றில் தீவன மரமும் புல்லும். நாலாவதைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, உழக்கூடாது, மேய்க்கக்கூடாது, ஒன்றுமே செய்யக்கூடாது என்று பூட்டினார்கள். மழை பேதலித்துப் போய்க்கொண்டிருக்கிறது, எந்த நிலம் அதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்கப் பல வருஷம் ஆகும், அதுவரை மற்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க இது கண்ட்ரோல் என்றார் சார். இந்தப் பக்கத்தில் கண்ட்ரோல் என்றால் ரேஷன் கடை. அம்மா செல்லியம்மா மறுநாள் காலை பையும் மண்ணெண்ணெய்க் கேனுமாகப் போய் வேலியோரம் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் பின்னால் நின்றார்கள்.

நைனா கங்கையாவுக்கு அது விளையாட்டாக இல்லை. பண்ணையில் காவலாள் வேலை கொடுத்தார்கள். சாவி அவர் இடுப்புக்குப் போனது. சார் ஒவ்வொரு முறை மண் எடுக்க வரும்போதும் நைனா கேட்பார்.

“எது கெலிச்சுது சார்?”

“இப்பவே சொல்ல முடியாது கங்கையா.”

பிறகு ஒரு வருஷம் மழையே இல்லை. வெளியே மூன்று துண்டும் வெறும் செம்மண். வேலிக்குள் புல் காய்ந்து இடுப்பளவு நின்றது. ஆடுகள் கம்பியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு கத்தின. அம்மா சாவியைக் கேட்டாள், கெஞ்சினாள், அடிக்கக்கூடப் போனாள். நைனா தரவில்லை. மந்தையில் பாதி போயிற்று. அதற்குப்பிறகு அம்மா அந்தப் பக்கம் போனதே இல்லை.

இப்போது மழை நிற்கவில்லை. ஏரிக்கரையில் இவர்கள் ஆட்களைப் புதைக்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர். மேட்டு நிலத்திலும் வேலிக்கு வெளியே அங்கங்கே நீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். வேலிக்குள் மட்டும் நிற்கவில்லை, மண் குடித்துவிட்டது.

“கண்ட்ரோல்லயே வெச்சுடலாம்” என்றான் தமிழரசு. “காஞ்ச எடம், நம்ம எடம். அதான் வுட்டுடாதன்னிருக்காரு.”

அம்மா அழுகைக்கு நடுவே தலையை நிமிர்த்தினாள். “அந்த வேலிக்குள்ள ஒரு உசுரு போவல. ஆட்டுக்கு இல்லாத புல்லு. அவராவது போய்ப் படுக்கட்டும்.”

அது கோபமா, ஆசையா என்று யமுனாவுக்குப் புரியவில்லை. எல்லாரும் அவள் கையையே பார்ப்பதுபோல் இருந்தது.

கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நாகபூஷணம் சார் மாலையோடு வந்தார். தமிழரசு விஷயத்தைச் சொன்னான். சார் மாலையை நைனாவின் மார்பில் வைத்தார்.

“மீ நெலம், உங்க இஷ்டம் தமிழரசு. நான் இன்னா சொல்றது.”

வாசல் வேப்பமரத்தடியில் அவர் செருப்பு மாட்டும்போது யமுனா கிட்டே போனாள்.

“குழி தோண்டுனா இன்னா ஆவும் சார்?”

“ஒரு மூலதான்…” என்றார். செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, “கண்ட்ரோல்னா ஒண்ணும் செய்யாம வுட்டதும்மா. செஞ்சுட்டா அது கண்ட்ரோல் இல்ல. அந்த மூலய வுட்டுட்டு மீதிய பாக்கலாம். பாக்கலாமா கூடாதா, நாகே தெலீது, எனக்கே தெரியல.”

கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. இல்லை, பரவாயில்லை என்றாவது.

“எது கெலிச்சுது சார்?”

சார் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். “இப்பவே…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மழைத் தண்ணீர் அவர் கண்ணாடியில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

மதியம் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தப்பட்டை அடித்துத் தூக்கினார்கள். தெருமுனையில் பெண்களெல்லாம் நின்றுவிட, அம்மா மட்டும் நிற்காமல் நடந்தாள்.

“அண்ணி, நீ எங்க வர்ற?” என்றார் பழனி சித்தப்பா.

“சுடுகாட்டுக்குத்தான் பொம்பள வரக்கூடாது. இது எங்க நெலம்.”

யமுனாவும் பின்னால் போனாள்.

வேலிக்கதவின் முன் பாடையை இறக்கினார்கள். உள்ளே புல் நனைந்து, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்குள் யார் கால் வைத்தும் அவள் பார்த்ததில்லை, நைனாவின் காலையும் சாரின் காலையும் தவிர. தமிழரசு கையை நீட்டினான்.

“சாவியக் குடு.”

அவள் விரல்களை இறுக்கினாள். இறுக்கியது தானா என்றுகூடத் தெரியவில்லை.

“வேலிக்கு இப்பால தோண்டுங்கண்ணா.”

“ஆடு மிதிக்கிற எடத்துலயா? யாரு சொன்னது?”

“நைனா.”

“அப்படித்தான் சொன்னாரா?”

“அப்படித்தான் சொன்னாரு.”

குரல் தடுமாறாமல் வந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. சற்றுத் தள்ளிக் குடையோடு நின்ற சார் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பியிலிருந்து ஒரு கை தள்ளித் தோண்டினார்கள். இடுப்பாழத்திலேயே ஊற்று கிளம்பிவிட்டது. வாளியால் இறைத்து இறைத்துப் பார்த்து, அதற்குமேல் முடியாமல், அவ்வளவோடு வைத்து மூடினார்கள். ஆழம் குறைந்ததை மேலே மண்ணைக் குவித்துச் சரிக்கட்டினார்கள். நாய் வராமலிருக்க முள் வெட்டிப் போட்டார்கள். தமிழரசு அவளைத் தாண்டி முன்னால் நடந்துவிட்டான்.

பாலூற்றும் நாளில் வெயில் வந்திருந்தது. பழனி சித்தப்பா முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டார். தமிழரசு தேங்காய் உடைத்தான். அம்மா சொம்பை எடுத்து, தலைமாட்டிலிருந்து மெதுவாகப் பாலை ஊற்றிக்கொண்டு வந்தாள். அவிழ்த்துவிட்டிருந்த ஆடுகள் மேட்டில் பரவி மேய்ந்தன. அதில் ஒன்று, காதில் வெள்ளை விழுந்த கறுப்பு, மெல்ல நெருங்கி வந்தது. குழிமேட்டின் கால்மாட்டில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி ஏறியது. கழுத்தை நீட்டியது. இத்தனை வருஷம் எட்டாத கம்பியின் விளிம்பு அதன் தாடைக்குக் கீழே இருந்தது. அப்பால் குனிந்து ஒரு வாய்ப் புல்லைப் பிடித்து இழுத்தது.

யமுனா கையை ஓங்கினாள். நாக்கை மடித்து நைனா ஆடு விரட்டும் ஒலி தொண்டைவரை வந்து நின்றது.

அம்மாவும் பார்த்துவிட்டாள். சொம்பு ஒரு கணம் நின்றது. பிறகு ஆடு நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மீதிப் பாலை ஊற்றினாள்.

ஓங்கிய கையில் சாவி இருந்தது. புல் அறுபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.