கவிழ்த்த சிரட்டைக்குள் ஒரு தவளை

தோட்டத்தில் ரப்பர் பால் சேர்த்து முடிந்ததும், மழைநீர் நிறையாமலிருக்கப் பால் பிடிக்கும் சிரட்டைகளை மரத்திலேயே கவிழ்த்துவிட்டு வருவார்கள். பால் வற்றிப்போன கடைசி மரத்துச் சிரட்டை மட்டும் எப்போதும் கவிழ்ந்தே இருந்தது. அதற்குள் கட்டைவிரல் நகமளவு தவளையொன்று குடியிருந்தது.

தோட்டத் தொழிலாளி வீராயி விறகோடு திரும்பும் மாலைகளில் அது ‘டக், டக்’ என்னும். அவளும் நாக்கைத் தட்டி அப்படியே ஒலிப்பாள். உடனே பதில் வரும். மகள் குவைத்துக்குப் போனபின், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒற்றை அறையில் அவளுக்குப் பதில் சொல்ல யாருமில்லை.

தவளைகளை ஆராய வந்த ஷாமிளா ஒருநாள் இதைக் கேட்டுவிட்டாள்.

“அம்மா, அது உங்ககூடப் பேசலீங்க. உங்களையும் ஆண் தவளைன்னு நெனச்சு, ‘இது என் எடம், போ’ன்னு வெரட்டுது.”

வீராயி விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுச் சிரட்டையருகே குனிந்தாள்.

“வெரட்டவாச்சும் ஒரு சீவன் இருக்கேம்மா,” என்றவள், மறுபடியும் நாக்கைத் தட்டினாள்.