விதைக்கென்று வைத்த பயறு

எந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது பாதிரியாருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். எல் ஹிகாரோ என்ற எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருப்பவள் நான். விடிந்ததும் பெண்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாளி நிறைந்திருந்தால் வீடு நன்றாக இருக்கிறது. வெள்ளைச்சோளம் கலந்திருந்தால் மக்காச்சோளம் தீரப்போகிறது. பச்சை வாழைக்காயை வெட்டிப் போட்டுக் கொண்டுவந்தால் நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அரைத்துக் கொடுத்துவிடுவேன்.

ஒஸ்மான் வீட்டு வாளியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

மஞ்சள் தேமல் வந்து எங்கள் பயறெல்லாம் செத்துக்கொண்டிருந்த காலம். இலை மஞ்சளாகும், காய் பன்றி வால்போல் சுருண்டுகொள்ளும், உரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஹோண்டுராஸில் சிவப்புப் பயறு இல்லாத சாப்பாட்டை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. அரசாங்கம் கப்பலில் பயறு வரவழைத்தது. காலையில் அடுப்பில் ஏற்றினால் சாயங்காலம் வரைக்கும் கல்லாகவே கிடக்கும். நாட்டுக்கு வேண்டியதை நாமே விளைவிக்க வேண்டும் என்று வானொலியில் தினமும் பேசினார்கள். விதை எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து யாதிரா என்ற இன்ஜினியரம்மா வந்தாள். தேமலைத் தாங்கலாம் என்று நினைக்கும் ரகங்களைச் சின்னச் சின்ன பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாராவது நிலம் தந்தால் விதைத்துப் பார்க்கலாம் என்றாள். கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இருக்கிற நல்ல நிலத்தைச் சோதனைக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

ஒஸ்மான்தான் எழுந்தான். அவன் வந்ததே காபியும் பன்னும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான்.

"என் மலைச்சரிவுல போடுங்க. முழுக்கக் கல்லு. அங்க பொழச்சது எங்க போட்டாலும் பொழைக்கும். செத்துச்சுன்னா, அந்த நெலத்துக்கு அது புதுசு இல்ல."

அவன் அக்கா தெல்மிரா பின்னால் உட்கார்ந்திருந்தாள். "பன்னுக்காக நெலத்த எழுதிக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்டா" என்றாள். கூட்டம் சிரித்தது. அவன் இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டான்.

அந்தச் சரிவில் அவன் பட்ட பாட்டை நான் மில் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். குத்துக்கோலால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே துளை போட்டு விதைத்தான். விடியற்காலையில் இலையைத் திருப்பித் திருப்பி, தேமலைப் பரப்பும் வெள்ளை ஈயைத் தேடுவான். செடியிடம் பேசுவான். மனைவி நோஹெலியா, "என்கிட்ட இவ்வளவு பேசினா நானும் நாலு காய் காய்ப்பேன்" என்பாள். பெரும்பாலான ரகங்கள் மஞ்சளாகிச் செத்தன. சில மட்டும் பச்சையாக நின்றன. இன்ஜினியரம்மா வரிசை நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து அழுததை ஒஸ்மான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தானும் கூட உட்கார்ந்து அழுததை நோஹெலியா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பிழைத்த ரகங்களை தெல்மிரா வீட்டு அடுப்பில் தனித்தனிப் பானையில் வேகவைத்து இன்ஜினியரம்மா எங்களைச் சுவை பார்க்கச் சொன்னாள். அதிகம் காய்த்த ரகத்தின் சாறு துணி அலசின தண்ணீர்போல இருந்தது. இன்னொன்று கொஞ்சம் குறைவாகக் காய்த்தது, ஆனால் சாறு கெட்டியாக, சிவப்பாக, ரொட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதையே வைத்துக்கொண்டோம். அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு பாத்தி, பாத்தியிலிருந்து சரிவு முழுக்க, சரிவிலிருந்து பக்கத்து நிலங்கள். இப்படி வருஷத்துக்கு வருஷம் பெருக்கினோம். பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் தகரக் குதிர் வைத்து விதையைச் சேர்த்தோம். சாவியை தெல்மிராவிடம் கொடுத்தார்கள். கண்டிப்பானவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கணக்கில் ஒரு பயறு பிசகமாட்டாள். சாவியைக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அந்தச் சாவிக்குக் கெடைச்ச எடம் இந்த ஊர்ல எந்த ஆம்பளைக்கும் கெடைக்கல" என்றான் ஒஸ்மான். அவள் கையில் இருந்த துடைப்பத்தை அவன்மேல் வீசினாள். அந்தக் குடும்பம் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் வரும் அடுத்த பயறு விதைப்பில் அந்த விதை நாட்டின் மற்ற பள்ளத்தாக்குகளுக்கும் போகவேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றியது. மே மாதம் மக்காச்சோளம் போட்டோம். முளைத்து முழங்கால் உயரம் வந்தது. பிறகு வானம் மூடிக்கொள்ளவே இல்லை. கதிர் பிடிக்கும் முன்பே தாள் காகிதம்போலச் சரசரத்தது. மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டோம். நகரத்திலிருந்து உதவி மாவு வந்தது. ஊருக்கு வந்து சேரும்போது லாரியில் பாதி இல்லை.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தோன் எவெலியோ எங்களில் மூத்தவர். அவர்தான் எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொன்னார்.

"குதிர்ல பயறு இருக்கு. புள்ளைங்க பசியில கெடக்குது. செப்டம்பர் வரைக்கும் வயிறு காத்துட்டு இருக்குமா?"

இன்ஜினியரம்மா மெதுவாகத்தான் பேசினாள். "நான் வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, தோன் எவெலியோ. இது உங்க பயறு. ஆனா தின்னுட்டா திரும்ப ஒரு பொட்டலத்துலருந்து ஆரம்பிக்கணும். மத்த ஊர்ல இதுக்காகத்தான் நெலத்த உழுது வெச்சிட்டு உக்காந்திருக்காங்க."

வெளியே ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. ஒஸ்மான் கையைத் தூக்கினான்.

"வெதைக்கலாம்" என்றான். "இத்தன வருஷம் கல்ல நோண்டினது ஒரு மாசத்துக் கொழம்புக்கா?"

அவன் வீட்டில்தான் பசி அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். அவனே தூக்கிவிட்ட பிறகு மற்றவர்கள் எப்படித் தூக்காமல் இருப்பது? ஒவ்வொரு கையாக ஏறியது. தோன் எவெலியோவும் தூக்கினார். நோஹெலியா தூக்கவில்லை. மடியில் மகள் கெய்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒருநாள் நோஹெலியா வாளியில் வாழைக்காயும் கொஞ்சம் வெள்ளைச்சோளமும் கொண்டுவந்தாள். என் பங்கிலிருந்து ஒரு கை மக்காச்சோளத்தைப் போட்டு அரைத்தேன். கவனித்தாள். அன்று ஒஸ்மான் என் மில்லில்தான் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். தெல்மிராவின் வீடு எதிர்ப்பக்கம். நோஹெலியா மாவு வாளியை இறக்கிவைத்துவிட்டு நேரே அங்கே போனாள்.

"தெல்மி, ஒரு கிண்ணம் பயறு குடு. கெய்திக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா கால ஊனி நிக்க மாட்டேங்குறா. சாறாவது வெச்சுக் குடுக்கணும்."

"என் மக்காச்சோளத்துல பாதி எடுத்துக்கோ."

"முந்தாநாளும் அதத்தான் குடுத்த. உன் பானை காலின்னு எனக்குத் தெரியும். நான் கேக்குறது குதிர்ல இருக்குறது."

"அது என்னோடது இல்ல, நோஹெலியா."

"உன் தம்பி நெலத்துல வெளைஞ்சது."

"ஊருக்குன்னு வெளைஞ்சது. உனக்கு ஒரு கிண்ணம் குடுத்தா நாளைக்கு எல்லா வீட்டுக் கிண்ணமும் வாசல்ல நிக்கும். யாருக்கு இல்லன்னு சொல்லுவேன்?"

"இப்ப எனக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

தெல்மிராவின் கை சட்டைக் கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. ஒஸ்மான் எண்ணெய்க் கையோடு ஓடிப்போய் மனைவியின் தோளைப் பிடித்தான்.

"வா, போலாம். கை தூக்கினது நான். அவகூடச் சண்டை போடாத."

நோஹெலியா அவன் கையை உதறினாள். "நீ தூக்கின அந்தக் கைய உன் மக தட்டுல போடு. அதையாவது திங்கட்டும்."

அந்த வாரமே அவன் கிளம்பிவிட்டான். வேலை தேடி வடக்கே அமெரிக்காவுக்குப் போகிற இரண்டு பேரோடு சேர்ந்துகொண்டான். முதுகில் ஒரு பை, தலையில் அந்தப் பழைய தொப்பி. மில்லுக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டான்.

"ஒரு வாய் கொறைஞ்சா அதுங்க ரெண்டும் கொஞ்சம் அதிகமாத் திங்கும், தோன்யா துலியா. அங்கருந்து ஏதாவது அனுப்புறேன். வெதைப்பு வந்தா தெல்மிய என் சரிவுக்குப் போகச் சொல்லுங்க. நோஹெலியா இப்போதைக்கு அந்தப் பக்கமே பாக்க மாட்டா."

"அவகிட்ட நீயே சொல்லிட்டுப் போயேன்" என்றேன்.

"சொன்னா அழுவா. அவ அழுதா நான் போகமாட்டேன்."

செப்டம்பரில் மழை வந்தது. இப்படி ஒரு மழையை ஜூலையில் கொடுத்திருந்தால் என்ன என்று நான் வானத்தைத் திட்டினேன். விதைக் குதிரின் பூட்டைத் திறந்தார்கள். லாரியில் மூட்டைகள் மற்ற பள்ளத்தாக்குகளுக்குப் போயின. எங்கள் பங்கை நாங்கள் விதைத்தோம். ஒஸ்மானின் சரிவை தெல்மிரா தனியாக விதைத்தாள். நோஹெலியா வீட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

கைப்பேசி சிக்னல் என் மில் முற்றத்தில்தான் கிடைக்கும். மெக்சிகோ எல்லை ஊரிலிருந்து ஒருநாள் அவன் கூப்பிட்டான்.

"பூ எடுத்துடுச்சா?"

"எடுத்துடுச்சுடா. சரிவே வெள்ளையா இருக்கு."

"ஈ?"

"இருக்கு. ஆனா இலை பச்சையாத்தான் நிக்குது."

அவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நோஹெலியாவுக்கு ஆள் அனுப்பினேன். அவள் ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று மில்லை நிறுத்தினேன். வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. திரும்பி வந்தபோது நோஹெலியாவின் முகம் தெளிந்திருந்தது. "வந்துடுறேன்னு சொன்னார்" என்றாள். "தெல்மிய மன்னிச்சிடுன்னும் சொன்னார். பாக்கலாம்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. ஆட்களை ஏற்றிப்போன லாரி ஒன்று வளைவில் கவிழ்ந்தது என்று தூதரகத்திலிருந்து என் போனுக்குத்தான் செய்தி வந்தது. இறந்தவன் பெயரை இரண்டு தடவை உச்சரித்தார்கள். வேறு ஒஸ்மானாக இருக்கும் என்று நான் வாதாடினேன். ஊர் பேரும் சொன்னார்கள்.

அவன் சவப்பெட்டி வந்து சேர்ந்தபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. தலைநகரத்திலிருந்து இன்ஜினியரம்மாதான் தன் வண்டியில் கொண்டுவந்தாள். விதை மூட்டைகளை மூடும் அதே தார்ப்பாயைப் பெட்டிமேல் போட்டிருந்தாள். எல்லா முற்றத்திலும் பயற்றுச் செடிகள் காய்ந்துகொண்டிருந்தன. கம்பால் அடித்துப் பயறு பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் அப்படியே போட்டுவிட்டுக் குழி வெட்டப் போனார்கள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. நோஹெலியா ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு லேசா இருக்காரே" என்றாள்.

தெல்மிரா கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

அந்த மாதிரி ஒரு விளைச்சலை நான் பார்த்ததில்லை. மற்ற பள்ளத்தாக்குகளிலும் அப்படித்தான் என்றார்கள். அடுத்த வருஷம் கப்பலில் பயறு வரவேண்டிய அவசியம் குறையும் என்று வானொலி சொன்னது. ரகத்தை முறைப்படி வெளியிட அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி. என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டார்கள்.

தெல்மிரா எழுந்தாள். பல வாரமாக அவள் யாரோடும் பேசியதில்லை. "ஒஸ்மான்னு வைங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். தோன் எவெலியோ தொப்பியைக் கழற்றினார். பேர் முடிவாகிவிட்டது என்றே நினைத்தோம். நோஹெலியா கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றாள்.

"அவர் பேர வைக்காதீங்க" என்றாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. "சந்தையில பொம்பளைங்க பையப் புடிச்சிட்டு ஒஸ்மான் என்ன வெலைன்னு கேப்பாங்க. பழசா புதுசான்னு பல்லுல கடிச்சுப் பாப்பாங்க. பூச்சி அரிச்சத ஓரமா எறிவாங்க. அதையெல்லாம் கேட்டுட்டு என்னால நடக்க முடியாது. பயறு நல்ல பயறு. எல்லாரும் திங்கட்டும். வேற ஏதாவது பேர் வைங்க."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் 'ஹிகாரோ சிவப்பு' என்று வைத்தார்கள். கூட்டம் கலைந்தபோது தெல்மிரா கழுத்திலிருந்த சாவிக் கயிற்றைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். யாரும் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து தோன் எவெலியோதான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நோஹெலியா இப்போது சரிவைத் தானே விதைக்கிறாள். கை தேர்ந்துவிட்டது. விளைந்ததை விற்கிறாள், விதைக்குப் பங்கு கொடுக்கிறாள். அவள் வாளி நிறைய மக்காச்சோளத்தோடுதான் மில்லுக்கு வருகிறாள். ஆனால் அவள் வீட்டு அடுப்பில் பயறு ஏறுவதில்லை.

கெய்தி பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டுக்குப் போய்ப் பயறும் ரொட்டியும் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். தெல்மிரா அவளுக்கென்று மதியமே பானையை ஏற்றிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். நோஹெலியா ஒரு தடவைகூட மகளைத் தடுத்ததில்லை, எங்கே போனாய் என்று கேட்டதுமில்லை. பள்ளிச் சட்டையில் சிவப்புச் சாறு சிந்திய கறையோடு பெண் வந்து நிற்கும். இவள் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போய், கறை போகும்வரைக்கும் கல்லில் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.