மாமரத்து அன்ரனா

சுண்ணம் இடித்து முடிந்து, உலக்கையை ஓரமாகச் சாத்திவிட்டு, வாய்க்கரிசிக்கு அரிசி கொண்டுவரச் சொல்லிக் குருக்கள் கையைக் காட்டிய நேரத்தில்தான் படம் பிடிக்க வந்த டிலக்ஷனின் மடிக்கணினித் திரை நீலமாகியது. பந்தலுக்குள் நின்ற எங்கள் ஒருவருக்கும் அது தெரியவில்லை. என் கையில் இருந்த போனுக்குள்ளால்தான் செய்தி வந்தது.

"சின்னம்மா, படம் நிண்டிட்டுது. அம்மாவைக் காணேல்லை" என்றாள் உதயகலா, பிரான்சில் இருந்து.

செத்துப்போனது அவளுடைய தாய் பூரணம். எனக்கு அடுத்த வளவுக்காரி. கொடிகாமம் சந்தையில் முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் குவித்து வைத்து, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களையும் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறவள். உதயகலா அவளுக்கு ஒரே பிள்ளை. அந்த நாட்டில் அவளுடைய அகதி வழக்கு இன்னும் தீரவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. இனித் தாயின் முகத்தைப் பார்ப்பதென்றால், பெட்டி மூடுவதற்கு முன், இந்தப் பந்தலில் இருந்து போகிற படத்தில்தான் பார்க்க வேண்டும். அவள் கேட்டதும் அதிகமில்லை. நாங்கள் வாய்க்கரிசி போடுகிற அந்த நேரத்தில், தானும் அங்கே தன் போனில் தெரிகிற தாயின் வாயில் ஒரு பிடி அரிசி போட வேண்டும்.

சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையில் போனில் கதைக்கலாம், படம் வராது. சுற்றிவரத் தென்னையும் பலாவும் மூடிக்கொண்டு நிற்கிற இடம். அதனால் டிலக்ஷன் விடியவே வந்துவிட்டான். கொடிகாமத்தில் வீடியோக் கடை வைத்திருக்கிறவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமரத்தில் ஏறி, உச்சிக் கொப்பில் ஓர் அன்ரனாவைக் கட்டினான். அதிலிருந்து ஒரு கறுத்த வயர் இறங்கி, மரத்தடி மேசையில் இருந்த கணினிக்குள் போனது. பந்தலில் முக்காலியில் நின்ற பெரிய கமரா பார்த்ததை அந்தக் கணினி வாங்கி, மரத்தில் ஏற்றி, வானத்தில் விட்டுக்கொண்டிருந்தது. அழுகைக்கு நடுவிலும் நான் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வயரில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அந்த எறும்பை முந்திக்கொண்டு பூரணத்தின் முகம் வயருக்குள்ளால் ஏறிப் போகிறது என்று நினைக்க எனக்கு மேல் கூசியது. கணினியின் நெற்றியில், திரைக்கு மேலே, சின்னக் கறுத்த ஒட்டு ரேப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. நாவூறு படாமல் வைத்த பொட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னடா தம்பி உது?" என்று கேட்டபடி தம்பிராசா மேசையடிக்கு வந்தார். பூரணத்தின் தம்பி. அவர்தான் கொள்ளி வைக்கிறவர். ஈர வேட்டி, விரலில் தருப்பை.

"அப்டேற் எடுக்குது அண்ணை. தானாத் தொடங்கிட்டுது."

"ஆரைக் கேட்டு?"

"அது கேட்டதுதான். எத்தினையோ நாளாக் கேட்டது. கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு போற இடமெல்லாம் கேட்டது. நான்தான் பிறகு, பிறகு எண்டு அமத்திக்கொண்டு வந்தனான்."

"நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடன்."

"இடையிலை நிப்பாட்டினாச் செத்துப்போம்."

சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். எனக்கோ அவன் முதல் சொன்ன சொல்தான் நெஞ்சில் நின்றது. நெஞ்சு நோகுது என்று பூரணம் சொன்ன போதெல்லாம், ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் கூப்பிட்ட போதெல்லாம், மிளகாய் முடியட்டும், மாரி முடியட்டும், பிறகு பாப்பம் என்றுதான் அவளும் அமத்திக்கொண்டு வந்தாள்.

ஆண்கள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த நடராசா அண்ணை, கண்ணாடியை உயர்த்தி நீலத் திரையைப் பார்த்தார். அதில் வட்டமாகப் புள்ளிகள் சுழன்றன. கீழே நூற்றுக்கு இவ்வளவு முடிந்தது என்று ஓர் எண். அது பன்னிரண்டிலேயே நின்றது.

"வெயில் பட்டிட்டுது" என்றார். "கொம்பியூட்டருக்குச் சூடு ஆகாது. எங்கடை கந்தோரிலை முதல் கொம்பியூட்டர் வந்த நேரம் அதுக்குத்தான் ஏசி பூட்டினவங்கள். பெரியவருக்குப் பிறகுதான்."

சொல்லிவிட்டு, பூரணத்தின் தலைமாட்டில் ஈ கலைக்க வைத்திருந்த ஓலை விசிறியை எடுத்துவந்து கணினிக்கு விசிறத் தொடங்கினார். நீங்கள் சிரிப்பீர்கள், பிள்ளைகளே. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அவர் விசிறுவதற்கு இடம் விட்டு விலகி நின்றார்கள்.

"உது சூடு இல்லை மூத்தவரே" என்றார் கனிசியஸ். குருநகரில் இருந்து எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவர். பூரணத்தோடு சண்டை பிடித்து விலை குறைத்தே பழகியவர், அன்றைக்கு வெள்ளைச் சேர்ட்டு போட்டு வந்திருந்தார். "எங்கடை போட்டிலை இருக்கிற ஜீபிஎஸ் பெட்டி உப்பு விளைஞ்சு கிடக்கு. அலை அடிக்காத நாள் இல்லை. ஒருக்காலும் நடுக்கடலிலை நிண்டுகொண்டு, பொறு நான் என்னைத் திருத்தப்போறன் எண்டு சொன்னதில்லை."

"உன்ரை பெட்டிக்குள்ளாலை ஆரும் களவெடுக்க வரமாட்டாங்கள் கனிசியஸ். இதுக்குள்ளாலை வருவாங்கள். அப்டேற் எண்டிறது வீட்டுப் பூட்டை மாத்திறமாதிரி. அங்கை பார், தம்பி கமராக் கண்ணுக்கே ரேப் ஒட்டி வைச்சிருக்கிறான். அந்தப் பக்கத்தாலை ஆராவது எட்டிப் பாப்பாங்கள் எண்டுதான்" என்றார் நடராசா அண்ணை.

"பூட்டு மாத்திறதெண்டால் வீட்டுக்காரனை வெளியிலை விட்டிட்டோ மாத்திறது?"

அப்போதுதான் எனக்கு அது பொட்டு இல்லை என்று விளங்கியது. மூடி வைத்த ஒரு கண்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. குருக்கள் வானத்தைப் பார்த்தார், பிறகு தம்பிராசாவைப் பார்த்தார். எங்கள் சுடலை திறந்த வெளி. விறகு அடுக்கியாகிவிட்டது.

"நனைஞ்ச விறகிலை அக்காவை வைச்சிட்டு அரைகுறையா விட்டிட்டு வரச் சொல்லுறியளோ?" என்று தம்பிராசா ஒருவரையும் பாராமல் கேட்டார். "உந்தப் பெட்டியை நம்பி இந்தப் பெட்டியை வைச்சிருக்கேலாது. மூடுவம்."

"மாமா, மூடாதேங்கோ." போனுக்குள் உதயகலாவின் குரல் அறுந்து அறுந்து வந்தது. "கொஞ்சம் பொறுங்கோ மாமா."

அவர் என் கையில் இருந்து போனை வாங்கினார். "பிள்ளை, உன்ரை அம்மாவின்ரை முகம் உனக்குத் தெரியாததே? கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளை போடு மோனை."

போனுக்குள் அவளுடைய மூச்சு கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், போனை என்னிடம் நீட்டிவிட்டு, மூடியைத் தூக்கச் சொல்ல வாய் வராமல், திரும்ப வந்து மேசையடியில் நின்றார்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு வந்தார்கள். மேளம் நின்றது. கோயிலில் திரை விலகுவதற்கு முன் நிற்பதுபோல் அத்தனை பேரும் அந்த எண்ணுக்கு முன்னால் நின்றோம். அது நாற்பதுக்குத் தாவியது. ஒரு கிழவி கையைக் கூப்பினாள். எங்கள் ஒருவருக்கும் தெரியாத யாரோ, எங்கோ இருந்து, இந்தச் சின்னத் தகட்டுக்குள் எதையோ எடுத்து எதையோ வைத்துக்கொண்டிருந்தார்கள். பூரணத்தின் செத்தவீடு அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் கை எடுக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். நூறு வந்தது. திரை கறுத்தது. கறுத்தபடியே கிடந்தது. நடராசா அண்ணையின் விசிறி நின்றுவிட்டது.

பிறகு ஏதோ ஒரு நாட்டு மலை, கீழே ஓர் ஏரியோடு மெல்ல வந்தது. கூட்டம் மூச்சு விட்டதை நான் கேட்டேன். டிலக்ஷன் கடவுச்சொல்லை அடிக்கும்போது நடராசா அண்ணை மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னடா, சரியோ?"

டிலக்ஷன் வயரைக் கழற்றிப் பூட்டினான். திரும்பவும் கழற்றிப் பூட்டினான். "அண்ணை, பெரிய கமராவை இப்ப இதுக்கு அடையாளம் தெரியேல்லை."

முதல் மழைத்துளி பந்தல் தகரத்தில் விழுந்தது. பந்தலில் இரண்டு பேர் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்துவிட்டார்கள். டிலக்ஷன் நகத்தால் சுரண்டி அந்தக் கறுத்த ரேப்பை உரித்தான்.

"இந்தக் கண்ணாலை பிரான்சுக்கு நேர வீடியோக் கோல் எடுக்கலாம். ஆனா அன்ரனா வயர் பந்தல் வரைக்கும் எட்டாது."

தம்பிராசா வயரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். குருக்களிடம் போய், "ஐயா, அக்காவை வாங்கோடை கொஞ்சம் இஞ்சாலை நகர்த்தலாமோ?" என்று கேட்டார்.

குருக்கள் யோசித்தார். "தலைமாடு தெற்கை இருக்கட்டும். நகர்த்துங்கோ."

பெட்டியைத் தாங்கிய அந்த நீள வாங்கின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்தார்கள். ஒரு மூலையில் கனிசியஸ். பூரணம் அந்தப் பந்தலை விட்டு முதலில் போனது சுடலைக்கு இல்லை, மாமரத்தடிக்குத்தான். யாரோ குடையை விரித்து அவளுக்கு மேலே பிடித்தார்கள். டிலக்ஷன் கணினியை அகல விரித்து, திரை அவள் முகத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும்படி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். நான் தலைமாட்டில் குனிந்து நின்றேன். அதனால் பூரணம் கண் திறந்திருந்தால் எதைப் பார்த்திருப்பாளோ, அதை நான் பார்த்தேன்.

அவள் மகள் வந்தாள்.

காலையில் இருந்து போன படம் இங்கே இருந்து அங்கே மட்டும்தான் போனது. அவள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று ஒருவரும் நினைக்கவுமில்லை. இப்போது பழுதுபட்டு, வேறு வழி இல்லாமல் திறந்த இந்தக் கண்ணால் அவளும் வந்துவிட்டாள். முழுகிய தலை, ஈரம் காயவில்லை. தடித்த குளிர்ச்சட்டை. பின்னால் சாம்பல் நிற யன்னல். இரட்டைப் பின்னலோடு இந்த ஒழுங்கையால் போனவளுக்கு இப்போது பூரணத்தின் நெற்றி வந்திருந்தது.

"அம்மா" என்றாள். குரல் அறவில்லை. மாமரத்தடியில் நின்று சொன்னதுபோல் கேட்டது.

நாங்கள் எல்லாரும் அரிசிக்குப் போன கையை எடுத்துக்கொண்டோம். பெற்ற பிள்ளை முதலில்.

"சின்னம்மா, போடட்டே?"

"போடு மோனை."

அவள் போனை நிலத்தில் மல்லாக்க வைத்தாள் போலிருக்கிறது. முகடு தெரிந்தது, ஒரு மின்குமிழ் தெரிந்தது. பிறகு அவள் மேலிருந்து குனிந்தாள். அவளுடைய கை வரவரப் பெரிதாகி வந்து, விரல்கள் விரிந்தன. அரிசி விழுந்தது. எங்களை நோக்கி விழுந்தது. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு பொலபொலவென்று. திரை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மணிகளுக்கு இடையால் அந்த நாட்டு விடியல் வெளிச்சம் கசிந்து, குடைக்குக் கீழே, பூரணத்தின் மூடிய வாயில் வந்து விழுந்தது.

டிலக்ஷனின் கையில் கணினி மெல்லச் சரிந்தது. அதைத் தாங்கப் பக்கத்தில் வந்த தம்பிராசா, கணினியைப் பிடிக்கவில்லை. தருப்பை போட்ட கையைக் குவித்து, திரையின் கீழ் விளிம்பில், ஒரு மணியும் நிலத்தில் விழாதபடி ஏந்திக்கொண்டு நின்றார்.