பார்க்கைப் பற்றிய நாலு வரி

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று உதறி, இழுத்துப் பிடித்து, நடந்து வந்து விளிம்போடு விளிம்பைச் சேர்க்க வேண்டும். பிறகு விலகி, மறுபடி சேர வேண்டும். ஒரு விரிப்பு மடிந்து முடிவதற்குள் இரண்டு பேரும் நாலு தடவை முகத்துக்கு முகம் வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளாக அந்தச் சலவைக்கூடத்தில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு இங்கிலீஷ் வரி என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மடிக்கிறவளை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். எதிர்முனையில் நிற்பவள் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவள். அவளுக்குத் தையல் என்றே பேராகிவிட்டது.

"ஆன் சாட்டர்டேஸ் ஐ க்ளீன் தி பார்க்" என்றபடி தையல் விளிம்பைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"ஐ கோ வித் மை நெய்பர்ஸ்" என்று மடிப்பக்கா வாங்கிக்கொள்வாள். மூன்றாவது மடிப்புக்கு, பாட்டிலும் காகிதமும் பொறுக்குகிறோம் என்ற வரி. நாலாவது, பார்க் எல்லோருக்கும் சொந்தம். அதைச் சொல்லி விரிப்பை அடுக்கின் மேல் வைத்து ஒரு தட்டு. அப்புறம் அடுத்த விரிப்பு, மறுபடியும் சனிக்கிழமை.

"இன்னைக்கு மட்டும் இருநூறு தடவை பார்க்கைக் கூட்டியாச்சுக்கா. இடுப்பு விட்டுப்போச்சு" என்பாள் தையல்.

மடிப்பக்கா சிரிப்பாள். சிரிக்கும்போதும் வயிற்றுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மகளுக்குப் பதினெட்டு நிரம்ப இன்னும் நூறு நாள், தொண்ணூற்றெட்டு நாள், தொண்ணூற்றைந்து நாள். அதற்கு முன்னால் தாயோ தகப்பனோ குடியுரிமை நேர்காணலில் தேறிவிட்டால் பிள்ளைக்கும் சேர்த்தே கிடைத்துவிடும். நிரம்பிவிட்டால் பிள்ளை தனி ஆள். தானே மனுப் போட்டு, வரிசையின் கடைசியில் நின்று, ஆறேழு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். அதுவரைக்கும் அவள் உயிரை விடுகிற நர்ஸிங் படிப்பில் இடம் கிடையாது. அது குடிமக்களுக்கு மட்டும்.

பஸ் டெப்போவில் பஸ் கழுவுகிற தகப்பன் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் மூக்குடைபட்டுத் திரும்பியிருந்தார். "அந்த ரூமுக்குள்ள போனாலே எனக்குத் தமிழே மறந்துபோகுது. இதுல இங்கிலீஷ் வேறயா?" என்று கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்தது மடிப்பக்காதான்.

வகுப்பு நடப்பது நூலகத்தின் மாடியில். டீச்சர் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. படிக்க வந்த ஒன்பது பேரில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர்: மடிப்பக்கா, தையல், பேக்கரியில் வேலை செய்கிற ரொட்டி அண்ணன். 'நீங்கள் வாழும் இடத்து மக்களுக்காக என்ன செய்கிறீர்கள்?' என்ற கேள்வி கட்டாயம் வரும் என்று டீச்சர் சொன்ன அன்றைக்கு ஒன்பது பேரும் குனிந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கே ரொட்டி சுட்டுப் போடுறேன். அதுக்கு மேல என்ன செய்யணுமாம்?" என்று முணுமுணுத்தார் ரொட்டி அண்ணன்.

"சம்பளம் வாங்காம செய்யணுமாம் அண்ணே" என்றாள் தையல்.

"அப்படின்னா என் பொண்டாட்டி சொல்றதைக் கேக்குறேன்னு எழுதிக்கலாமா?"

டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாவம், அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. பலகையில் நாலு வரி எழுதிப் போட்டார். இது உதாரணம்தான், அவரவர் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள் என்றும் சொன்னார். சொந்தமாக எழுத வந்தால் இவர்கள் ஏன் அந்த மாடி ஏறப்போகிறார்கள்? ஒன்பது பேரும் நாலு வரியையும் அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டார்கள்.

வீட்டில் மகள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ என்னைக்கும்மா பார்க்கைக் கூட்டினே? நம்ம வீட்டு பால்கனியையே நான்தான் கூட்டுறேன்."

"பரீட்சைக்குத்தானே பாப்பா."

"பரீட்சைக்குன்னா பொய் சொல்லலாமா? இரு, எழுதி வச்சுக்கறேன். எனக்கும் பரீட்சை வருது."

மகள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மடிப்பக்காவுக்குத்தான் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பொய்யே சொல்லாத உத்தமி இல்லை அவள். காய்ச்சல் என்று லீவு போட்டிருக்கிறாள். செருப்பு விலையைப் புருஷனிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இது அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டுக்குள் உறவாக நுழையும்போது வாசலிலேயே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவது மாதிரி இருந்தது. அதுவும் அந்த நாலாவது வரி! பதினோரு வருஷமாக அந்தப் பார்க் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள்கூட அதன் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. உட்காரலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் ஒரு பெரிய பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?" என்றார் புருஷன்.

"சொல்லப்போறதைச் செஞ்சுட்டு வந்துடறேன்."

முதல் வாரம் அவளும் தையலும். அடுத்த வாரம் ரொட்டி அண்ணன். அதற்கடுத்த வாரம் வகுப்பில் இருந்த ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள், ஒருவர் பேசுவது ஒருவருக்குப் பாதிதான் புரியும் என்றாலும். புதருக்கடியில் பாட்டில்கள், ஊறிப்போன அட்டைப் பெட்டிகள், ஒற்றைச் செருப்பு, செத்த புறா. புறாவை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ரொட்டி அண்ணன், "எனக்கு அடுப்புல கையை விட்டே பழக்கம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தார். நாயைக் கூட்டிவந்த ஒரு அம்மாள் அவர்களைக் கூப்பிட்டு, குளத்தின் அந்தக் கரையைக் காட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போனாள்.

"நம்மளை முனிசிபாலிட்டி ஆளுன்னு நினைச்சுட்டாக்கா" என்றாள் தையல்.

"நினைச்சுட்டுப் போகட்டும். அந்தக் கரையிலயும் குப்பை இருக்குதானே?"

அன்றைக்கு வேலை முடிந்து, ஒரு பலகை பெயர்ந்துபோன பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கூடவே வந்திருந்த மகள் போனில் படம் எடுத்தாள். நம்ம பார்க் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டாள்.

இப்படி எட்டுச் சனிக்கிழமை. நேர்காணல் தேதிகள் வந்தபோது ஒன்பது பேருக்கும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. ரொட்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் புறா எடுத்ததையும் சேர்த்துச் சொல்லட்டுமா? எம் பையன்கிட்ட கேட்டா ஒரு வரி எழுதித் தருவான்."

"ஐயோ, வேணாம் அண்ணே" என்று பதறியது மடிப்பக்காதான். "ஆளுக்கொண்ணு சொன்னா பொய்யின்னு நினைச்சுடுவாங்க. ஒரே இடத்துக்குப் போறோம், ஒரே வேலையைச் செய்யறோம். எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னாத்தானே நிஜம்? ஒரு வார்த்தை கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்." அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். புரியாதவர்களுக்குக் கையால் விளக்கிச் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

அவள் முறை வியாழக்கிழமை வந்தது. அவளுக்கு முன்னால் போன ஐந்து பேரும் தமிழ் தெரியாதவர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பதினெட்டுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள். வாசலில் போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். மகளை வெளியிலேயே உட்கார்த்திவிட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பேர், வேலை, எத்தனை வருஷம் என்பதற்கெல்லாம் அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டாள். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. எதிரே வெள்ளை விரிப்பைப் பிடித்துக்கொண்டு தையல் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பிசகில்லாமல் நாலு வரியையும் சொன்னாள்.

அதிகாரியின் பேனா இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டார். மேசையில் இருந்த தாள்களைப் புரட்டி, அவளைப் பார்க்காமல், மெதுவாக அதே நாலு வரியையும் அவரே வாசித்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்து மறுபடியும் வாசித்தார். ஆறு விரல்களைக் காட்டினார். இந்த வாரத்தில் ஆறாவது ஆள் என்பது புரிந்தது. மனப்பாடம் என்கிற வார்த்தையும் புரிந்தது. டீச்சர் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது.

"ஐ க்ளீன்" என்றாள் அவள். "சாட்டர்டே. ஐ க்ளீன் தி பார்க்."

சரி, அப்படியானால் சொல்லுங்கள் என்பது போல அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். எந்தப் பார்க்? அங்கே என்ன இருக்கிறது? குப்பையை எடுத்து என்ன செய்கிறீர்கள்? மெதுவாகத்தான் கேட்டார். எல்லாம் புரிந்தது. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. குளத்தின் அந்தக் கரையில் மண் வழுக்கும். பெஞ்சில் ஒரு பலகை கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு புறா செத்துக் கிடந்தது. பையைக் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போடுவோம். தொட்டி நிரம்பியிருந்தால் சலவைக்கூடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவோம். எல்லாம் தமிழில், வரிசையாக, நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றுக்காவது இங்கிலீஷில் உடுப்பு இருந்தால் வெளியே அனுப்பலாம். அவளிடம் இருந்தது அந்த நாலு வரிதான்.

அதையே மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்லவே தெரிந்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் தான் இன்னும் பொய்க்காரியாகிக்கொண்டிருக்கிறோம் என்று. எழுந்து குனிந்து தரையில் இல்லாத பாட்டிலைப் பொறுக்கி, இல்லாத பையில் போட்டுக் காட்டினாள். அவர் பதறிப்போய், வேண்டாம் அம்மா, உட்காருங்கள் என்பது போலக் கையை ஆட்டினார். "டாட்டர். போன். போட்டோ" என்று கதவைக் காட்டினாள். தலையை அசைத்தார். உள்ளே ஒருவர்தான். இது உங்களுடைய நேர்காணல். கல் நெஞ்சாக இருந்தால் திட்டிக்கொள்ளலாம். அவர் கண்ணில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. பொய் சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டாளே என்ற வருத்தம்.

கொடுத்த தாளை மகள்தான் வெளியே வாங்கிப் படித்தாள். தொண்ணூறு நாள் கழித்து மறுபடி வரலாம். மகள் விறுவிறுவென்று கவுன்டருக்குப் போனாள். திருப்பி வாங்கிய போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். அவள் பேசிய இங்கிலீஷ் அருவி மாதிரி கொட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்தாள். அழகான பார்க் என்றாள். எழுதிக் கொடுங்கள், மறுபரிசீலனைக்கு நாலு மாதம் ஆகும் என்றாள். ஒருவருக்காக விதியை மாற்றினால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா, இங்கே எல்லோரும் சமம் என்றாள். அவள் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மகள் போனை அணைத்துப் பையில் போட்டாள். அவ்வளவு இங்கிலீஷ் தெரிந்தவளுக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "நான் பண்ணின வேலை பாப்பா. ரொட்டி அண்ணன் அப்பவே சொன்னாரு" என்றாள் இவள். "பேசாம வாம்மா" என்றாள் மகள். கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை. தன் பேச்சைக் கேட்டு ஆறு பேர் தோற்றாச்சு, இன்னும் மூன்று பேர் தோற்கப்போகிறார்கள் என்று நினைத்தபோதே போன் அடித்தது. தையல்.

"அக்கா, முடிஞ்சுதா? நாளைக்கு எனக்கு. நாலு வரியும் கரைச்சுக் குடிச்சாச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

இவள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ பார்க்குக்குப் போறேன்னு சொல்ல வேணாமா?"

"சொல்லாதே."

"நிஜமாவே போறோமேக்கா?"

"தெரியும்டி."

"வேற என்னக்கா சொல்லட்டும்? எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே." என்றாள் தையல். "நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

இவளிடம் சொல்ல இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ஆன்ட்டி, பேப்பர் எடுத்துக்கங்க. பக்கத்து வீட்டுல தனியா ஒரு பெரியவர் இருக்காரு. அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கறேன்னு சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன், சின்னச் சின்னதா. எழுதிக்கங்க."

"எங்க பக்கத்து வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லையேம்மா?"

"அது அவங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

மகள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். போனுக்குள்ளிருந்து தையல் திக்கித் திக்கித் திருப்பிச் சொன்னாள். மகள் அதைத் திருத்தி, மறுபடி சொன்னாள். தடுக்க வேண்டும் என்று இவளுக்கு ஒரு நொடி தோன்றியது. எதைச் சொல்லித் தடுப்பது? பஸ் ஒரு திருப்பத்தில் குலுங்கியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இல்லாத அந்தப் பெரியவரைப் பற்றிய மூன்றாவது வரி வந்தபோது, தன் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைவதை உணர்ந்தாள். நிறுத்த நினைத்தாள். நாலாவது வரிக்கும் அவை அசைந்தன.